பெற்ற மகனை 'உறவுக்காரப் பையன்' என்றார்... அடையாறில் வாழ்ந்த மரியா மாண்டிசோரியின் கதை!

உங்கள் ஏரியாவில் ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கள். 'மாண்டிசோரி' என்று போர்டு வைத்த ப்ளே ஸ்கூல் ஒன்றாவது கண்ணில் படும். அது ஏதோ பாடத்திட்டத்தின் பெயர் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு பெண்ணின் குடும்பப் பெயர். இத்தாலிக்காரர், படித்தது டாக்டருக்கு. நம் சென்னை அடையாறிலும் கொடைக்கானலிலும் வருஷக்கணக்கில் தங்கியவர். பிற்பாடு இத்தாலி தன் 1,000 லிரா நோட்டில் அவர் முகத்தை அச்சடித்தது.

குழந்தையிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உலகத்துக்கே கிளாஸ் எடுத்தவர் அவர். அவர் பெற்ற பிள்ளை அவருடன் ஒரே வீட்டில் வாழ வந்தபோது அந்தப் பையனுக்கு வயசு 15 நெருங்கியிருந்தது.

மரியா பிறந்தது 1870 ஆகஸ்ட் 31. ஊர், இத்தாலியின் கிழக்குக் கடற்கரைப் பக்கம் இருக்கும் கியாரவாலே. அப்பா அரசாங்க உத்தியோகஸ்தர், கொஞ்சம் பழைய ஆள். அம்மா ரெனில்டே நிறையப் படிப்பவர், மகளின் ஆசைகளுக்குத் துணை நின்றவர். பெண்கள் படித்தால் டீச்சர் ஆகலாம், அவ்ளோதான் என்றிருந்த காலத்தில் மரியா இன்ஜினீயர் ஆக ஆசைப்பட்டு, பையன்கள் படிக்கும் டெக்னிக்கல் ஸ்கூலில் சேர்ந்தார். அப்புறம் மனசு மாறி மருத்துவம். டீச்சர் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம் என்று சின்ன வயசில் அடம்பிடித்தவர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது உங்களுக்கும் சிரிப்பு வரும்.

ரோம் பல்கலைக்கழகத்தில் பிணத்தை அறுத்துப் படிக்கும் வகுப்பில் ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் நிற்கக் கூடாது என்றார்கள். எல்லோரும் போன பிறகு, தனியாக அந்த அறையில் நின்று படித்தார். நாற்றம் தாங்காமல் புகையிலை பிடித்துச் சமாளித்தார். 1896-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர் அவர்தான் என்று நிறைய இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை, அவருக்கு முன்பே சிலர் இருந்தார்கள். அதே வருஷம் பெர்லினில் நடந்த பெண்கள் மாநாட்டில், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் வேண்டும் என்று மேடையேறிப் பேசினார். 26 வயசு. பேப்பர்களில் பேர் வர ஆரம்பித்தது.

அந்த நேரத்தில்தான் காதல் வந்தது. கூட வேலை பார்த்த டாக்டர் கியூசெப்பே மொன்டெசானோ. இருவரும் ரோம் பல்கலைக்கழகத்தின் மனநல கிளினிக்கில் இருந்தார்கள். 1898 மார்ச் 31-ம் தேதி, அவர்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் மரியோ.

கல்யாணம் நடக்கவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். கல்யாணமான பெண் வீட்டோடு இருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய எழுதப்படாத சட்டம். இன்னொரு பக்கம், தாலிக்கு முன் தாய் என்று தெரிந்தால் டாக்டர் வேலையும் போகும், பேரும் போகும். அதாவது கல்யாணம் பண்ணினால் வேலை இல்லை. பண்ணாமல் பிள்ளையை வளர்த்தால் மானமும் வேலையும் இல்லை. இரண்டு குடும்பங்களும் சேர்ந்து மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தன. பிள்ளையை ரகசியமாகக் கிராமத்துக்கு அனுப்புவது.

ரோமுக்கு வெளியே ஒரு கிராமத்தில், காசு வாங்கிக்கொண்டு பால் கொடுத்து வளர்க்கும் ஒரு பெண்ணிடம் மரியோ போனான். இதைக் கேட்டு அதிர்ச்சியாக வேண்டாம். அன்றைய ஐரோப்பாவில் இது சாதாரணம், தனித் தொழிலே இருந்தது. ஆனால், உடம்புக்கு ரகசியமும் தெரியாது, ஊர் வழக்கமும் தெரியாது. பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் பால் சுரக்கத்தான் செய்யும். குழந்தை குடிக்காவிட்டால் மார்பு கனத்து, கட்டிக்கொண்டு, காய்ச்சல்கூட வரும். அது வற்றி அடங்கக் குறைந்தது ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பிள்ளை பெற்று உடனே பிரிந்திருந்த எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார். டெலிவரி ஆன சுவடே தெரியாமல் மறுபடி ஆஸ்பத்திரி வேலைக்கு, மேடைக்கு, மீட்டிங்குக்கு வந்து நிற்க வேண்டும் என்றால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்க.

அவ்வப்போது போய்ப் பார்த்தார். அந்தப் பையனுக்கு அவர் எப்போதாவது வந்து போகும் ஒரு அழகான பெண்மணி மட்டுமே. மொன்டெசானோவோடு ஒரு ஒப்பந்தம் இருந்தது. இருவரும் வேறு யாரையும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. 1901-ல் அவர் வேறொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். மரியா அவரோடு சேர்ந்து நடத்தி வந்த பயிற்சிப் பள்ளியை விட்டு விலகினார். அதன் பிறகு கடைசிவரை அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

அந்தப் பயிற்சிப் பள்ளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் என்று ஒதுக்கி, மனநல விடுதிகளில் அடைத்து வைத்திருந்த குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் டீச்சர்களை உருவாக்கும் இடம் அது. 1900-ல் தொடங்கியது. மரியா பகல் முழுக்க அந்தக் குழந்தைகளோடு இருப்பார். ராத்திரி, ஈடார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் புத்தகங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதுவார். கையால் தொட்டுப் பழகும் மர எழுத்துகள், கட்டைகள், துவாரத்தில் பொருத்தும் உருளைகள் என்று பல விஷயங்கள் இங்கிருந்துதான் வந்தன. அந்தக் குழந்தைகளில் சிலர் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளுக்கான பரீட்சையில் பாஸ் ஆனார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். மரியா மட்டும் வேற மாதிரி யோசித்தார். இவர்களாலேயே முடிகிறது என்றால், நல்லா இருக்கும் பிள்ளைகளை நம் பள்ளிகள் என்னதான் செய்துகொண்டிருக்கின்றன?

பதில் தேட ஒரு இடம் கிடைத்தது. ரோமில் சான் லோரென்சோ என்ற ஏழைகள் பகுதி. குடியிருப்பைப் புதுப்பித்த கம்பெனிக்கு ஒரு தலைவலி. அப்பா, அம்மா கூலி வேலைக்குப் போனதும் பள்ளிக்குப் போகும் வயசு வராத வாண்டுகள் படிக்கட்டிலும் சுவரிலும் கிறுக்கி நாசம் செய்தார்கள். பெயின்ட் செலவை மிச்சம் பிடிக்க, பிள்ளைகளை ஒரு ரூமில் போட்டுப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். 1907 ஜனவரி 6-ம் தேதி அந்த ரூம் திறந்தது. 50-க்கும் மேல் குழந்தைகள். 'குழந்தைகள் வீடு' என்று பேர். இன்று லட்சத்தில் ஃபீஸ் கேட்கும் மாண்டிசோரி பள்ளிகள் நம் ஊரிலேயே இருக்கின்றன, முதல் பள்ளி பிறந்தது கூலித் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்காக. அட்மிஷன் கவுன்ட்டரில் நிற்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

குழந்தை உயரத்துக்கு மேஜை, நாற்காலி, அலமாரி வாங்கினார்கள். ஒருநாள் டீச்சர் லேட். அலமாரி திறந்து கிடந்தது. பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்து வைத்து வேலையில் மூழ்கியிருந்தார்கள். திருடுகிறார்கள் என்று டீச்சர் பதறினார். மரியாவுக்கோ, எதை எடுக்க வேண்டும் என்று பிள்ளைக்கே தெரியும் என்பது புரிந்தது. இன்னொரு நாள் சத்தமில்லாமல் மூக்கு சிந்துவது எப்படி என்று ஒரு டெமோ காட்டினார். பிள்ளைகள் கைதட்டித் தீர்த்துவிட்டார்கள். மூக்கு ஒழுகுது என்று நாள் முழுக்கத் திட்டு வாங்கும் பிள்ளைகளுக்கு, அதை எப்படிச் சரி செய்வது என்று மரியாதையாகச் சொல்லிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

எனக்கு அதிகம் மனசில் நின்றது வேறொரு நாள். முற்றத்தில் ஒரு அம்மா, துணி சுற்றிய நான்கு மாதக் குழந்தையோடு நின்றார். மரியா அந்தக் குழந்தையை வாங்கி வகுப்புக்குள் கொண்டுவந்து, இது எவ்வளவு அமைதியாக இருக்கிறது, நம்மால் முடியுமா என்று கேட்க, அத்தனை வாண்டுகளும் மூச்சைப் பிடித்து உட்கார்ந்தார்கள். இன்றும் மாண்டிசோரி வகுப்புகளில் நடக்கும் 'மௌன விளையாட்டு' பிறந்தது இப்படித்தான். அடுத்தவர் குழந்தையைக் கையில் ஏந்தி மரியா நின்ற அந்த நாட்களில் மரியோவுக்கு எட்டு, ஒன்பது வயசு. அவன் வேறு எங்கோ வளர்ந்துகொண்டிருந்தான்.

1909-ல் டீச்சர்களுக்கு முதல் பயிற்சி வகுப்பு. சுமார் 100 பேர். நீங்கள் மாண்டிசோரி டிப்ளமோ சேரலாமா என்று யோசிப்பவராக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அவர் உருவாக்கிய பயிற்சியில் முதல் வேலை பாடம் நடத்துவதல்ல. ஓரமாக உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், பிள்ளையை மணிக்கணக்கில் பார்த்துக் குறிப்பு எழுதுவது. நோயாளியைக் கவனித்துப் பழகிய டாக்டரின் பழக்கம் அது. இன்றைய பயிற்சியிலும் அது உண்டு, பலருக்குக் கஷ்டமே அதுதான்.

1912 டிசம்பரில் அம்மா ரெனில்டே இறந்தார். ரகசியம் காக்கச் சொல்லி நெருக்கியவர் அவர்தான் என்கிறார்கள். சில மாதங்களில், 1913-ல், மரியோ அம்மாவோடு வந்துவிட்டான். வந்து போகும் அந்தப் பெண்மணி தன் அம்மாதான் என்பதை அவனே கண்டுபிடித்துச் சொன்னதாகக் குடும்பக் கதை. வந்தான், சரி. ஆனால் வெளியே யார் கேட்டாலும் உறவுக்காரப் பையன், வளர்ப்புப் பிள்ளை. உலகம் சுற்றியபோதும் அதே பதில்தான்.

நடுவில் ஒரு கறுப்பு அத்தியாயம். 1924 முதல் முசோலினி அரசு அவர் பள்ளிகளுக்குப் பணமும் ஆதரவும் கொடுத்தது, அவரும் வாங்கிக்கொண்டார். பத்து வருஷம் கழித்து, 1934-ல் முறிந்தது. இத்தாலியை விட்டே போனார். குழந்தையின் சுதந்திரம் பேசியவர், ஒரு சர்வாதிகாரியின் நிழலில் பத்து வருஷம் இருந்தது எனக்கு ஜீரணிக்க முடியாத விஷயம்.

1939-ன் கடைசியில், பிரம்மஞான சபையின் அழைப்பில் மரியாவும் மரியோவும் சென்னை வந்தார்கள். அழைத்தவர்கள் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். அடையாறில் ஓலைக் கொட்டகை போட்டு வகுப்பு. 300-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். மரியா இத்தாலியில் பேச, மரியோ வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்வார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் இத்தாலியர்கள் எதிரிகள். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். மரியா அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. இரண்டாவது முறையாக மகன் கையை விட்டுப் போனான். அந்த ஆகஸ்ட் 31, அவருக்கு 70-வது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. உங்களுக்குப் பரிசாக என்ன தரலாம் என்று யோசித்தோம், உங்கள் மகனையே திருப்பி அனுப்புகிறோம் என்கிற மாதிரி ஒரு செய்தி. 42 வருஷமாக ஒளித்து வைத்த அந்த 'மகன்' என்ற வார்த்தை அரசாங்கத் தந்தியிலேயே வந்துவிட்டது!

1942 முதல் 44 வரை கொடைக்கானல். பல வயசுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்த ஒரு சின்னப் பள்ளி. செடி, கல், பூச்சி என்று மலையே பாடப் புத்தகம். பெரிய பிள்ளைகளுக்கான அவருடைய பாடமுறை இங்கேதான் உருவானது. பிறகு இலங்கையிலும் பயிற்சி வகுப்பு எடுத்தார். மொத்தத்தில் இந்தப் பக்கம் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டீச்சர்களைத் தயார் செய்தார்.

சின்னஞ்சிறு சிசுக்கள் மீது அவர் கவனம் அதிகமாகத் திரும்பியதும் இந்தியாவில்தான். 1949-ல் அடையாறில் வெளியான அவருடைய புத்தகத்தில், பிறந்ததிலிருந்து மூன்று வயசு வரையிலான காலத்துக்குத்தான் முக்கிய இடம். போகுமிடமெல்லாம் பிள்ளையை இடுப்பில் சுமந்து போகிற, ஒன்றரை, இரண்டு வயசு தாண்டியும் தாய்ப்பால் கொடுக்கிற அம்மாக்களைப் பற்றி அதில் பெருமையாக எழுதியிருக்கிறார். பால் குடிக்கும் பிள்ளையை விட்டுப் போக முடியாததால் அம்மா கடைக்கும் கூட்டத்துக்கும் அதைத் தூக்கிப் போகிறாள், அதனால் பிள்ளை பேச்சையும் உலகத்தையும் தானாக வாங்கிக்கொள்கிறது என்பது அவர் கணக்கு. இதை எழுதியவர் யார் என்பது தெரிந்த பிறகு அந்தப் பக்கங்களைப் படிப்பது வேறு அனுபவம்.

1952 மே 6. நெதர்லாந்தின் நூர்ட்விக் என்ற கடலோர ஊரில், 81 வயசில் மரியா இறந்தார். பக்கத்தில் மரியோ இருந்தார். உயிலில் அவரை மகன் என்றே எழுதியிருந்தார். அம்மா தொடங்கிய சர்வதேச மாண்டிசோரி சங்கத்தை, 1982-ல் தான் இறக்கும்வரை மரியோதான் நடத்தினார்.