தராசும் தீர்ப்பும்

1743-இல் பாரிஸ் நகரில் வழக்கறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் லவாய்சியர். சட்டம் பயின்று 1764-இல் பட்டமும் பெற்றார். ஆயினும் நீதிமன்றத்தை அவர் நாடவில்லை. உள்ளம் இரசாயனத்தில் தோய்ந்திருந்தது.

மூடிய கலத்தில் வெள்ளீயத்தை வைத்துச் சூடேற்றினார். முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தார். எடை மாறவேயில்லை! கலத்தைத் திறந்தபோதுதான் வெளிக்காற்று உட்புகுந்து எடை கூடிற்று. உலோகம் பெற்ற எடை, உள்ளிருந்த காற்று இழந்த எடையேயாகும். பொருள் புதிதாய்த் தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை என்னும் நியதியை 1789-இல் தம் நூலில் நிலைநாட்டினார். பிரெஞ்சுப் புரட்சி வெடித்ததும் அவ்வாண்டில்தான்.

லவாய்சியருக்கு வருவாய் தந்தது வரிவசூல் குத்தகை. மன்னர் காலச் சட்டம் அதை அனுமதித்தது. (மக்கள் அதை வெறுத்ததில் நியாயமும் உண்டு.) 1791-இல் புரட்சி அரசு அதை ஒழித்தது, பின்னர்க் குத்தகைதாரர்கள் குற்றவாளிகளாயினர். புகையிலையில் நீர் கலந்து விற்றார்கள் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. தராசையே நம்பி வாழ்ந்தவர்மீதா எடை மோசடிக் குற்றம்!

1794 மே 8 அன்று விசாரணை, அன்றே தீர்ப்பு, அன்றே கில்லட்டின். உடன் மாண்ட 27 பேருள் அவர் மாமனாரும் ஒருவர்.

1795-இல், பறித்த உடைமைகளைத் திருப்பியளித்த அரசு, அவர் தவறாகத் தண்டிக்கப்பட்டதை ஒப்புக்கொண்டது. தந்தையையும் கணவரையும் ஒரே நாளில் இழந்த மனைவி மரீ, கணவரின் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் திரட்டிப் பின்னாளில் வெளியிட்டார்.