டாக்டர் பி. ராமமூர்த்தி

எண்ணூர்க் கழிமுகத்தையடுத்த முகத்துவாரக்குப்பத்தில் வலை வீசிப் பிழைக்கும் ஒருவருக்கு விடியற்காலைதோறும் தலைவலியும் வாந்தியும் வருகின்றனவென்று கொள்வோம். சில வாரங்களில் ஒரு கை சோர்கிறது. திடீரென வலிப்பும் காண்கிறது. இவை மூளையிற் கட்டி வளர்வதன் குறிகளாயிருக்கலாம். அவர் ரெயிலேறிச் சென்ட்ரலில் இறங்கினால் எதிரே சர்க்கார் பொது ஆஸ்பத்திரி. ஏழைக்கும் அங்கே மூளை ரண சிகிச்சை உண்டு. 1950-ல் அப்பணியை அங்குத் தொடங்கியவர் டாக்டர் ராமமூர்த்தி.

1922 ஜனவரி 30-ந் தேதி சீகாழியிற் பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1947-ல் எடின்பரோவில் எப்.ஆர்.ஸி.எஸ். பட்டம் பெற்றார். பின்னர் நியூகாஸிலில் ரௌபாதம் என்னும் நிபுணரிடம் பயின்று திரும்பினார். 1949-லேயே வேலூரில் டாக்டர் ஜேகப் சாண்டி இத்துறைக்கு வித்திட்டிருந்தார். அவருடனும் வேறு இருவருடனும் கூடி 1951-ல் இந்திய நரம்பியல் சங்கத்தை ராமமூர்த்தி நிறுவினார்.

அந்நாளில் ஸி.டி. படம் ஏது? மண்டையோட்டில் துளையிட்டு மூளையின் உள்ளறைகளிற் காற்றைச் செலுத்தியோ, கழுத்து ரத்தக் குழாயில் மருந்தேற்றியோ எக்ஸ்-ரே எடுப்பார்கள். நிழல் விலகியிருப்பதைக் கொண்டு கட்டியின் இடத்தை ஊகிக்க வேண்டும். நம் நாட்டில் க்ஷயரோகக் கட்டியும் மூளையில் மிகுதியாகக் காணப்பட்டது. அது மருந்துக்கு இணங்கும்; புற்று இணங்காது. எனவே இன்னதென அறிவதே பாதிச் சிகிச்சை.

மூளைத் திசுவிலேயே தோன்றும் க்ளையோமா என்னும் புற்றுக்கு வரம்பே கிடையாது; மணலில் நீர்போல் பரவும். அமெரிக்காவில் டாண்டி என்பவர் மூளையின் ஒரு பாதியையே அகற்றிப் பார்த்ததாக 1928-ல் அறிவித்தார். அங்ஙனம் செய்தும் நோய் மீண்டது. மீளும் நோய்க்குக் கத்தி எதற்கு என்று கேட்போருண்டு. மண்டைக்குள் அழுத்தம் தணிந்தால் பார்வையும் பேச்சும் காக்கப்படலாம். கதிர் சிகிச்சைக்கும் அவகாசம் கிட்டும். சில மாதங்களேயாயினும், குடும்பத்தாரை அறிந்து அவர்களோடு பேசி வாழும் மாதங்கள் அற்பமானவையல்ல. செல்வர் சீமைக்குப் போகலாம். குப்பத்தார்க்கு அம்மாதங்களை அளிக்கவல்லது சர்க்கார் ஆஸ்பத்திரியே.

2003 டிசம்பர் 13-ந் தேதி ராமமூர்த்தி காலமானார். 2005-ல் வெளிவந்த மேனாட்டு ஆராய்ச்சியொன்று, கதிர் சிகிச்சையுடன் டெமோஸோலோமைடு என்னும் மருந்தையும் கொடுத்தால், க்ளையோமாக்களிற் கொடியதான க்ளையோபிளாஸ்டோமா கண்டவர்க்குச் சுமார் 12 மாதமாயிருந்த நடுத்தர ஆயுள் 15 மாதத்தை நெருங்குமெனக் காட்டிற்று. அம்மருந்துக்கு முன்னரும் மண்டையோட்டைத் திறந்து, கட்டியை இயன்றமட்டும் எடுத்தாக வேண்டும்.