காகர்ல வம்சமும் ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளும்

நம் முலகநாட்டுப் பிராமண ஸமூகத்தில் அவதரித்து உலகெங்கும் கீர்த்தி பெற்ற ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளின் பெயரைக் கேளாதார் நம் குடும்பங்களில் ஒருவரும் இரார். ஆயினும், அவரது வீட்டுப் பெயராகிய காகர்ல என்பதைப்பற்றி விசாரித்து அறிந்தவர் நம்மவர்களுள்ளும் சிலரே. ஸ்வாமிகளின் ஸங்கீதத்தைப்பற்றி வித்வான்கள் நிரம்ப எழுதியிருக்கின்றனர். அத்துறையில் புக நாம் துணியோம். அவ்வீட்டுப் பெயர் எங்கிருந்து வந்தது, அதைக்கொண்டு அவரது முன்னோரைப்பற்றி எவ்வளவு அறியக்கூடும் என்பதை முன்வைத்தே அவர் சரித்திரத்தை இங்குக் கூறப் புகுந்தோம்.

வீட்டுப் பெயரைத் தெலுங்கில் இண்டிபேரு என்பர். அது இட்ட பெயருக்கு முன்னே நிற்பது; தந்தை வழியாகவே இறங்குவது. ஒரு குடும்பம் முதலில் வாழ்ந்த ஊரினாலாவது, முன்னோர் ஒருவர் பெற்ற சிறப்பினாலாவது, செய்த தொழிலினாலாவது அது அமையும். தமிழ்நாட்டு வழக்கமோ வேறு. இங்குத் தந்தையின் பெயரது முதலெழுத்தே முன்னே நிற்கும். அது தலைமுறைதோறும் மாறிவிடும். நம் முன்னோர் இந்நாட்டில் குடியேறியபின், பாஷையை வீட்டில் காத்தனரேயன்றி, பத்திரங்களிலும் பள்ளிக்கூடப் பதிவுகளிலும் வீட்டுப் பெயரை மெள்ள மெள்ளக் கைவிட்டனர். விவாஹ காலத்தில் கோத்திரத்தைக் கேட்கிறோம். வீட்டுப் பெயரைக் கேட்டால் பெரியவர்களைத் தேடி ஓட வேண்டியிருக்கிறது. பாட்டனார் பெயருக்கு மேல் ஒரு தலைமுறையை ஏறிப் பார்க்க, ஒற்றை எழுத்து எங்ஙனம் உதவும்?

காகர்ல என்பது ஓர் ஊரின் பெயர். அவ்வூர் ஆந்திர தேசத்தில் நல்லமலைத் தொடரை அடுத்த கம்பம் பிரதேசத்தில் உள்ளது. முன்னாளில் அப்பிரதேசம் கர்நூல் ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1970-இல் பிரகாசம் ஜில்லா ஏற்பட்டபோது அதனுடன் சேர்க்கப்பட்டது. தெலுங்கில் காகர என்பது பாகற்கொடியைக் குறிக்கும்; ஊர்ப் பெயர் அதினின்றும் பிறந்திருக்கலாமென்று எண்ண இடமுண்டு, எனினும் அதனை நாம் வற்புறுத்தோம். நம் உட்பிரிவின் பெயராகிய முலகநாடு என்பதும் இடத்தைக் குறித்ததே. விஜயநகர காலத்துச் சாஸனங்களில் கடப்பைப் பக்கத்து முலிகிநாடு என்னும் நாட்டுப் பிரிவு காணப்படுகிறது. ஆகவே உட்பிரிவின் பெயர், வீட்டுப் பெயர் ஆகிய இரண்டும் ஏறக்குறைய ஒரே திசையையே காட்டுகின்றன. வம்ச ஆராய்ச்சி செய்வார்க்கு இவ்வாறு இரண்டு பெயர்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்பது பெரிய துணையாகும்.

அவ்வளவு தூரத்திலிருந்து காவேரிக் கரைக்கு அக்குடும்பம் வந்த காரணத்தைத் தேச சரித்திரத்தில் காணலாம். 1565-இல் நடந்த தலைக்கோட்டை யுத்தத்தில் விஜயநகரம் வீழ்ந்தது. பண்டிதர்களை ஆதரித்துவந்த கைகள் தளர்ந்தன. தஞ்சையிலோ தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட நாயக்க மன்னர்கள் ஆண்டனர். அவர்களுள் அச்சுதப்ப நாயக்கர் 510 பிராமணக் குடும்பங்களுக்கு வீடும் நிலமும் அளித்து ஓர் அக்கிரஹாரத்தை ஏற்படுத்தினார். பாகவதமேளத்தால் பெயர்பெற்ற மெலட்டூர் அதுவே. இத்தகைய தானங்களைக் கேள்வியுற்றுத் தெற்கே வந்த குடும்பங்கள் பல. காகர்ல குடும்பத்தார் 1600-ஆம் ஆண்டையொட்டி வந்தனர் என்பர். நாயக்கர்களுக்குப்பின் மராட்டியர் தஞ்சையைக் கைக்கொண்டபோதிலும், தெலுங்கு வித்வான்களுக்கு அரண்மனையில் மதிப்புக் குறையவில்லை.

அவ்வம்சத்தில் பாரத்வாஜ கோத்திரத்தில் ராமப்பிரம்மம் என்பவர்க்கும் ஸீதம்மாவுக்கும் மூன்றாவது குமாரராக நம் ஸ்வாமிகள் திருவாரூரில் அவதரித்தார். பலரும் கொள்ளும் தேதி 4-5-1767. 1759 என்பாரும் உளர். அத்தலத்து இறைவனின் திருநாமமே குழந்தைக்கு இடப்பட்டது. தந்தையார் ராமாயணப் பிரவசனத்தில் வல்லவர். இரண்டாம் துளஜா மஹாராஜாவின் ஆதரவால் திருவையாற்றில் திருமஞ்சன வீதியில் வீடு பெற்றுக் குடியேறினார்.

இனி, அறிஞர்களிடையே விவாதத்துக்கு இடமாயிருந்த ஒன்றைக் கூறுவோம். ஸ்வாமிகளின் பாட்டனார் யார்? தஞ்சையை 1684 முதல் 1712 வரை ஆண்ட ஷாஹஜி மஹாராஜாவின் ஸபையில் கிரிராஜ கவி என்றொரு புலவர் இருந்து யக்ஷகானங்கள் பல இயற்றினார். அவரே ஸ்வாமிகளின் தந்தைவழிப் பாட்டனார் என்று சிலர் எழுதினர். தாய்வழிப் பாட்டனார் என்று வேறு சிலர் எழுதினர். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஸ்வாமிகள் பங்காள ராகத்தில் விநாயகர்மீது பாடிய கிருதியாகும். அதன் தொடக்கத்தில், மலையரசன் மகளாகிய பார்வதியின் மைந்தனே என்னும் பொருளில் கிரிராஜ என்ற சொல் வருகிறது. கவி தம் பாட்டனார் பெயரையும் அதில் ஒளித்துவைத்தார் என்பது ஒரு ரஸமான கற்பனை. ஆனால் ஸுத என்று குறிலாயின் மகனையும், ஸுதா என்று நெடிலாயின் மகளையும் குறிக்கும்; பார்வதியைச் சொல்லும் அக்கிருதியில் இருப்பது நெடிலேயாகும். சிலேடை என்றே கொண்டாலும், அது மகள் வயிற்றுப் பேரனுக்குப் பொருந்துமேயன்றி மகன் வயிற்றுப் பேரனுக்குப் பொருந்தாது.

சிலேடையைவிட உறுதியான ஸாக்ஷி வீட்டுப் பெயரே. அந்த ஸபைக் கவியின் வீட்டுப் பெயர் தர்ப்ப என்பது. அவரைத் தர்ப்ப கிரிராஜ கவி என்றே தெலுங்கு இலக்கிய சரித்திரங்கள் வழங்குகின்றன. ஸ்வாமிகளோ தம் பிரஹ்லாத பக்தி விஜயம் என்னும் நாடகத்தின் முகப்பில், தம்மைக் காகர்ல ராமப்பிரம்மத்தின் குமாரராகவே அறிவிக்கிறார். தந்தை வழியில் வீட்டுப் பெயர் மாறுவதில்லை. ஸ்வீகாரம் போன்றவை நடந்தாலன்றி, தர்ப்ப குடும்பத்துத் தந்தைக்குக் காகர்ல குடும்பத்து மகன் பிறப்பதற்கில்லை. ஆகவே ஸபைக் கவி தந்தைவழிப் பாட்டனாராக இருந்திருக்க முடியாது. தந்தைவழிப் பாட்டனார்க்கும் கிரிராஜப்பிரம்மம் என்ற பெயர் இருந்ததாகக் கூறும் பரம்பரையைக் கொண்டால், குழப்பம் பெயர் ஒற்றுமையால் விளைந்தது என்பது தெளிவாகும். தாய்வழிப் பாட்டனார் வீணை காளஹஸ்தய்யா என்று கூறும் பரம்பரையும் உண்டு. அது மெய்யாயின் தர்ப்ப கவிக்கு எவ்வழியிலும் இடமில்லை. தம் கீர்த்தனங்களில் தியாகராஜ என்ற பெயரை மாத்திரம் முத்திரையாக வைத்த மஹான், அந்நாடகத்தில் வீட்டுப் பெயரைக் கூறாது விட்டிருந்தால், இவ்விஷயத்தில் நாம் இன்னும் இருட்டில் தடவிக்கொண்டிருப்போம்.

ஸ்வாமிகளுக்கு ஸங்கீத சிக்ஷை அளித்தவர் தஞ்சை ஸமஸ்தான வித்வானாகிய ஸொண்டி வேங்கடரமணய்யா. ஸொண்டி என்பதும் வீட்டுப் பெயரே என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதைச் சுக்கு என்று பொருள்செய்து வியந்தோர் சிலரை நாம் அறிவோம்! தந்தையார் காலமானபின் தமையன்மாருடன் பாகம் பிரிந்து, ஸ்வாமிகள் உஞ்சவிருத்தியால் ஜீவித்து, ராமநாம ஜபத்திலும் கீர்த்தன ரசனையிலும் காலம் கழித்தார். ராஜ ஸம்மானத்தை அவர் வேண்டாதிருந்த வரலாறு யாவரும் அறிந்ததே. ஏறக்குறைய 700 கீர்த்தனங்கள் இன்று கிடைக்கின்றன. அவர் வாழ்க்கையைப்பற்றிய மிகப் பழைய குறிப்புகள், சிஷ்யராகிய வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதராலும் அவர் குமாரர் கிருஷ்ணஸ்வாமி பாகவதராலும் எழுதப்பட்டவை. அவர்கள் ஸௌராஷ்டிர ஸமூகத்தினர். அச்சுவடிகளை மதுரை ஸௌராஷ்டிர ஸபையார் போற்றிக் காத்தனர். நம் ஸமூகத்தவர் செய்யவேண்டிய காரியத்தைப் பிறர் செய்ததை நன்றியுடனும், சிறிது நாணத்துடனும் ஈண்டுக் குறிப்பிடுகிறோம்.

ஸ்வாமிகளுக்கு ஆண் ஸந்ததி இல்லை. முதல் மனைவியார் பார்வதி காலமானபின் கமலாம்பாளை மணந்து, ஸீதாலக்ஷ்மி என்னும் ஒரே புத்திரியைப் பெற்றார். அவள் வயிற்றுப் பேரன் தியாகராஜன் என்பவனும் ஸந்ததியின்றி மறைந்தான். அப்பேரனுக்கு மக்கள் இருந்திருப்பினும் அவர்கள் காகர்ல குடும்பத்தாராகார். பெண் வயிற்றுப் பிறந்தார்க்கு அவள் புகுந்த வீட்டின் பெயரே உரியது. காகர்ல என்ற பெயர் தமையன்மார் வழியிலேயே தொடரக் கூடியதாயிற்று.

ஸ்வாமிகள் தம் இறுதி நாட்களில் ஸந்நியாஸம் பெற்று, நாதப்பிரம்மானந்தர் என்ற திருநாமம் பூண்டார். ஸந்நியாஸிக்குக் கோத்திரமும் இல்லை, வீட்டுப் பெயரும் இல்லை. 6-1-1847-இல், புஷ்ய பஹுள பஞ்சமியன்று, திருவையாற்றில் அவர் ஸித்தியடைந்தபோது, கம்பத்துப் பக்கமிருந்து முன்னோர் சுமந்துவந்த அந்த ஊர்ப் பெயரை முறைப்படி இறக்கிவைத்துவிட்டே சென்றார்.