கூடாரமே குருகுலம்: தாமஸ் ராக்லண்ட் ஐயரின் வாழ்வு

சிவகாசி என்றவுடன் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் நினைவுக்கு வருகின்றன. இத்தொழில்கள் இம்மண்ணில் வேரூன்றியது 1920களுக்குப் பின்னரே. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பு இவ்வட்டாரம் கரிசலும் பருத்தியும் கம்பும் சோளமுமாகக் கிடந்த வானம் பார்த்த பூமி. விருதுநகர் அப்போது விருதுபட்டி என்றே வழங்கிற்று. சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர் ஆகியவை யாவும் திருநெல்வேலிச் சீமையின் வடபகுதியாகக் கருதப்பட்டன. அந்நாளில் இங்கே வந்து, நான்காண்டு காலம் ஊர் ஊராக அலைந்து, 43ஆம் வயதில் சிவகாசியிலேயே உயிர்விட்டு, இம்மண்ணிலேயே அடக்கம் பெற்ற ஒரு கணித மேதையின் வரலாறு இது. அவர் பெயர் தாமஸ் கஜட்டன் ராக்லண்ட். கிறித்தவ ஊழியத்துக்கு ஒருவர் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்னும் வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்றவர் அவர்.

ராக்லண்ட் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், மத்தியதரைக் கடலின் வாயிலில் உள்ள ஜிப்ரால்டரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவரை இங்கிலாந்தில் உறவினர் வளர்த்தனர். வாலிபப் பருவத்தில் லிவர்பூல் நகரில், வணிகரான தம் மாமாவின் அலுவலகத்தில் கணக்கெழுதும் பணியில் அமர்ந்தார். கணக்கேடுகளும் கடிதப் போக்குவரத்தும் அவருக்கு முதற்பள்ளி எனலாம். எடுத்த வேலையைச் செம்மையாகவும் காலந்தவறாமலும் முடிக்கும் இயல்பு அங்கே அவரிடம் படிந்தது. ஆயினும் அவர் உள்ளம் வணிகத்தில் நிலைகொள்ளவில்லை. திருப்பணிக்கே தம்மை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்ற வேட்கை மேலிட, 1837இல், பிற மாணவர்கள் பட்டம் பெற்று வெளியேறும் வயதில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார்.

அக்கால இங்கிலாந்தில் குருப்பட்டம் பெற விரும்புவோர் தனியான இறையியல் கல்லூரிக்குச் சென்றாக வேண்டும் என்ற நியதி இல்லை. ஆக்ஸ்போர்டிலோ கேம்பிரிட்ஜிலோ பட்டம் பெற்றவர், பேராயரின் தேர்வில் தேறிவிட்டால் உதவிக்குருவாகலாம். கேம்பிரிட்ஜில் சிறப்புப் பட்டத்துக்குரிய முதன்மையான பாதை கணிதமே. இறையியலுக்கெனத் தனிச் சிறப்புத் தேர்வு அங்கே 1870களில்தான் தோன்றியது. குருத்துவ மாணவர்க்கான ரிட்லி ஹால் போன்ற பயிற்சி இல்லங்கள் 1881க்குப் பின்னரே எழுந்தன. ஆகவே திருப்பணிக்கு வந்த ராக்லண்டும் யூக்ளிடையும் நியூட்டனையும் கற்றார். 1841ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகம் முழுமைக்கும் நான்காம் இடம் பெற்று, நான்காவது ராங்கிளர் என்னும் சிறப்பை அடைந்தார். கல்லூரி அவரைத் தன் ஃபெலோவாக ஏற்றுக்கொண்டது. மதிப்பும் வருவாயும் ஓய்வும் ஒருசேர வாய்த்த நிலை அது. விரும்பியிருந்தால் ஆயுள் முழுதும் அங்கேயே அமைதியாகக் கழித்திருக்கலாம்.

ஆனால் அவருடைய உண்மையான இறையியல் கல்வி வகுப்பறையில் நிகழவில்லை. கேம்பிரிட்ஜின் ஓரத்தில் ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த பார்ன்வெல் பகுதியில் அவர் உதவிக்குருவாகப் பணிபுரிந்தார். கல்விமான்களின் நகரத்தில் கல்லாதவர்களோடு பேசக் கற்றுக்கொண்டது அங்கேதான். கேம்பிரிட்ஜில் நெடுங்காலம் போதித்து 1836இல் மறைந்த சார்லஸ் சிமியோனின் தாக்கம் இன்னும் குன்றாதிருந்த காலம் அது. 1801இல் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றும் பதவிகளைத் துறந்து இந்தியாவுக்கு வந்து, 1812இல் துருக்கியில் உயிர்நீத்த ஹென்றி மார்ட்டினின் நினைவும் மாணவரிடையே வாழ்ந்துகொண்டிருந்தது. அவ்வழியே ராக்லண்டும் 1845இல் சர்ச் மிஷன் சங்கத்துக்குத் தம்மை ஒப்படைத்தார்.

சென்னைக்கு வந்து சேர்ந்த அவருக்குச் சங்கம் அளித்த பொறுப்பு, தென்னிந்தியப் பணிகளை மேற்பார்க்கும் குழுவின் செயலர் பதவி. லிவர்பூலில் கற்ற கணக்கும் கடிதமும் இங்கே கைகொடுத்தன. ஆனால் அவர் நாடி வந்ததோ மக்களை, கிடைத்ததோ மேசை. முப்பது வயதுக்கு மேல் தமிழ் படிக்கத் தொடங்கிய அவருக்கு, அலுவல்களுக்கிடையே எஞ்சிய நேரமே பாடநேரமாயிற்று. ஆங்கிலேயர் நாவுக்குக் கடினமான ழகர, றகரங்களைப் பழக்கும் மாணவராக, நான்காவது ராங்கிளர் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். கல்வியால் வந்த செருக்கைக் கரைக்க அந்நிய மொழியைப் போன்ற ஆசான் வேறில்லை.

செயலர் என்ற முறையில் திருநெல்வேலிச் சீமையின் நிலையை அவர் நன்கறிந்திருந்தார். சீமையின் தென்பகுதியில் அப்போது பல்லாயிரம் கிறித்தவர்கள் இருந்தனர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838இல் அங்கேயே மறைந்த ரேனியஸ் ஐயர், உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் உருவாக்கப் பயிற்சிப் பள்ளி நடத்தியிருந்தார். பிறகு எட்வர்ட் சார்ஜெண்ட் நடத்திய பிரிப்பராண்டிப் பள்ளி அப்பணியைத் தொடர்ந்தது. 1844 முதல் சாயர்புரத்தில் ஜி. யு. போப் நடத்திய குருத்துவப் பள்ளியும் புகழ்பெற்றிருந்தது. தரங்கம்பாடியில் 1785இல் பிறந்த ஜான் தேவசகாயம் 1830இல் உதவிக்குருவாகி, பின்னர் முழுக் குருவாக உயர்ந்து, ஆங்கிலிக்கன் திருச்சபையின் தமிழ்க் குருவாகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். இவ்வளவும் தெற்கே. வடக்கே, சிவகாசியையும் சாத்தூரையும் சுற்றிய ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களில் இத்தகைய பணி ஏறக்குறைய இல்லை என்றே சொல்ல வேண்டும். தெற்கே நிறைந்திருந்த பள்ளிகளின் பயன் வடக்கே ஏன் செல்லவில்லை என்னும் கேள்வி ராக்லண்டின் மனத்தை அரித்தது.

அவர் கண்ட விடை எளிது, நிறைவேற்றுவதுதான் அரிது. ஓரிடத்தில் மாளிகை கட்டி மக்களை வரவழைப்பதற்கு மாறாக, மக்கள் இருக்குமிடத்துக்குக் கூடாரத்தைச் சுமந்து செல்ல வேண்டும் என்பதே அது. உடல்நலம் குன்றி இங்கிலாந்து சென்றிருந்த அவர், தம் கருத்தை அங்கே எடுத்துரைத்தார். கேம்பிரிட்ஜில் பயின்ற இருவர் உடன்வர இசைந்தனர். ஒருவர் டேவிட் ஃபென். கோட்டயம் கல்லூரியில் மலங்கரைச் சபைக் குருமாணவர்க்குக் கற்பித்த ஜோசப் ஃபென்னின் மகன். மற்றவர் ராபர்ட் மெடோஸ். 1854ஆம் ஆண்டு வட திருநெல்வேலிச் சஞ்சார ஊழியம் தொடங்கிற்று. செயலர் பதவியின் மதிப்பையும் சென்னையின் வசதியையும் விட்டு, நுரையீரல் நோய் பற்றிய உடலோடு, கரிசல் வெயிலுக்குள் இறங்கினார் ராக்லண்ட்.

தோப்போ ஊருணிக் கரையோ நிழல் தந்த இடத்தில் கூடாரம் அடிக்கப்படும். விடியலில் புறப்பட்டு, நடந்தும் குதிரையேறியும் அண்டை ஊர்களுக்குச் செல்வார்கள். வெயில் ஏறியதும் திரும்பி, வேதவாசிப்பிலும் மன்றாட்டிலும் தமிழ்ப் படிப்பிலும் நண்பகலைக் கழிப்பார்கள். மாலையில் மறுபடியும் ஊர்களை நோக்கிப் புறப்படுவார்கள். சுற்றுவட்டார ஊர்கள் முடிந்ததும் கூடாரம் பெயர்க்கப்பட்டு, அடுத்த இடத்தில் அடிக்கப்படும். ஒருமுறை சென்ற ஊருக்கே மீண்டும் மீண்டும் செல்வதும் திட்டத்தில் அடங்கும்.

இத்திட்டத்தின் உயிர்நாடி வேறொன்று. தென்பகுதித் தமிழ்ச் சபைகளிலிருந்து உபதேசியார்கள் முறைவைத்து வடக்கே வந்து, ஒரு மாத காலம் கூடாரக் குழுவினருடன் தங்கிப் பணியாற்றித் திரும்புவர். அவர்களை அனுப்பும் செலவைத் தமிழ்ச் சபையார் தாமே ஏற்றனர். அயல்நாட்டுப் பணத்தில் வளர்ந்த சபை, தானே பிறருக்கு ஆள் அனுப்பும் சபையாக மாறத் தொடங்கிய காலங்களுள் இதுவும் ஒன்று. வந்த உபதேசியார்களுக்கோ இது பெயரில்லாத குருகுலம். பாளையங்கோட்டையில் பாடமாகப் படித்த வேதப்பகுதிகளை, விதைப்புக்கும் அறுப்புக்கும் இடையே களத்துமேட்டில் அமர்ந்திருக்கும் உழவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் தெலுங்கும் சந்தையில் தமிழும் பேசும் நாயக்கரும் ரெட்டியாரும், வாணிகத்தில் வல்ல நாடாரும், சேரிகளில் ஒதுக்கப்பட்டிருந்த மக்களும் தொடுத்த கேள்விகளுக்கு எந்தப் பாடநூலிலும் ஆயத்த விடை இல்லை. கேம்பிரிட்ஜ் ஃபெலோவும் தென்னாட்டு உபதேசியாரும் அக்கேள்விகளின் முன் ஒரே வகுப்பு மாணவர்களாயினர். மொழியிலும் வழக்கத்திலும் உபதேசியாரே ஆசிரியர் என்பதை ராக்லண்ட் உணர்ந்திருந்தார்.

இம்முறைக்குக் குறைகள் இல்லாமலில்லை. கம்பெனி ஆட்சி நடந்த காலத்தில், கூடாரம் அடிக்கும் வெள்ளையர் என்றால் கிராமத்தார்க்கு முதலில் நினைவுக்கு வருபவர் வரி கேட்கும் அதிகாரியே. அந்த நிழலை விலக்குவது எளிதன்று. சில நாளில் பெயர்ந்துவிடும் கூடாரம் ஊராரின் நோயிலும் சாவிலும் பஞ்சத்திலும் உடனிருக்க இயலாது. பள்ளிக்கூடம் கட்டி நிலைத்திருப்பதால் வரும் நன்மை நாடோடி ஊழியத்தில் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த விளைவும் குறைவே. ராக்லண்டின் காலத்தில் திருமுழுக்குப் பெற்றோர் மிகச் சிலர். கணக்கில் வல்ல அவருக்கு அந்தத் தொகையின் சிறுமை புரியாமலிருந்திருக்க முடியாது. இருந்தும் அவர் திட்டத்தை மாற்றவில்லை. மண்ணில் விழுந்து மறையும் விதையே பலன் தரும் என்னும் நற்செய்தி நூலின் உவமையில் அவர் ஆழ்ந்த பற்றுக் கொண்டிருந்தார்.

நான்காண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1858ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், சிவகாசியில், நுரையீரலில் குருதிக்குழாய் வெடித்துச் சிறிது நேரத்துக்குள் அவர் உயிர் பிரிந்தது. மணம் புரியாத அவருக்குப் பெயர் சொல்ல மக்கள் இல்லை. சொத்து இல்லை. பெரிய நூல் எதுவும் அவர் எழுதி வைக்கவில்லை. அவர் உடல் சிவகாசி மண்ணுக்கு உரியதாயிற்று.

அவருக்குப் பின் பணி நின்றுவிடவில்லை. ஃபென்னும் மெடோஸும் தொடர்ந்து உழைத்தனர். சிவகாசியை அடுத்த சாட்சியாபுரம் கிறித்தவ ஊராக வளர்ந்து, பள்ளிகளால் வட்டாரத்துக்கே பயன் தந்தது. நிலைத்திராத கூடாரத்தின் குறையை நிலைத்த பள்ளி நிரப்பிற்று. வட திருநெல்வேலி ஊழியத்தில் பணியாற்றியவர்களுள் டபிள்யூ. டி. சத்தியநாதன் குறிப்பிடத்தக்கவர். 1830இல் பிறந்து, பாளையங்கோட்டைப் பள்ளியில் பயின்று கிறித்தவரான அவர், ஜான் தேவசகாயத்தின் மகள் அன்னாளை மணந்தார். பின்னர் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையின் சீயோன் ஆலயக் குருவாக நெடுங்காலம் விளங்கி 1892இல் மறைந்தார். ஆங்கிலத்தில் நாவல் படைத்த முதல் இந்தியப் பெண்மணிகளுள் ஒருவரான கிருபாபாய் அவருடைய மருமகளே. கரிசல் காட்டுக் கூடாரத்துக்கும் இந்திய இலக்கிய வரலாற்றுக்கும் இடையே இப்படியொரு மெல்லிய இழை ஓடுகிறது.

ராக்லண்டின் வாழ்க்கை வரலாற்றை அவருடைய கல்லூரியைச் சேர்ந்த டி. டி. பெரவுன் 1861இல் வெளியிட்டார். டோனாவூரில் பணிபுரிந்த ஏமி கார்மைக்கேல் 1922இல் அவரைப் பற்றி மீண்டும் ஒரு நூல் எழுதினார். தமிழ்ச் சபைகள் தாமே ஆள் அனுப்பும் வழக்கம் 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரிச் சங்கமாக உருப்பெற்றது. அதன் தோற்றத்தில் முன்னின்ற வி. எஸ். அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

குருத்துவக் கல்வி பின்னாளில் பெருங்கல்லூரிகளின் பொறுப்பாயிற்று. பெங்களூரில் 1910இலும் மதுரை அரசரடியில் 1969இலும் இறையியல் கல்லூரிகள் எழுந்தன. எபிரேயமும் கிரேக்கமும் சபை வரலாறும் முறையாகக் கற்பிக்கப்பட்டன. அதனால் விளைந்த நன்மை பெரிது. கல்லாத குரு சபைக்குப் பாரம் என்பது உண்மையே. ஆயினும் அரசரடிக் கல்லூரி தன் மாணவர்களை வளாகத்துக்கு வெளியே, ஏழை மக்கள் வாழும் குடியிருப்புகளில் தங்கிப் பயிலச் செய்யும் முறையை வகுத்தபோது, நூற்றாண்டுக்கு முன் சிவகாசிப் பக்கத்துத் தோப்புகளில் கண்டறியப்பட்ட உண்மைக்கே அது திரும்பி வந்தது. நூல் கற்பிப்பதை நூலே கற்பிக்க வேண்டும். மக்கள் கற்பிப்பதை மக்களே கற்பிக்க முடியும்.

ராக்லண்ட் கல்வியைப் பழித்தவர் அல்லர். அதன் உச்சியைத் தொட்டவர். தொட்ட பின்னர், அதைத் தலையில் சூடிக்கொள்ளாமல் கரிசல் மண்ணில் விதைத்தவர். தேர்ந்த கணிதப் புலமை வீணாயிற்று என்று கேம்பிரிட்ஜில் சிலர் வருந்தியிருக்கக்கூடும். கணக்கேட்டில் வரவாக எழுத முடியாத ஆதாயங்களும் உண்டு என்பதைச் சிவகாசியில் உள்ள அவர் கல்லறை அமைதியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.