பெஸ்டலாஸியும் மனக்கணக்கும்

தம் குழந்தைகள் மனக்கணக்கில் வல்லவராக வேண்டுமென்று விரும்பாத பெற்றோர் இலர். பள்ளிக்கூடத்திற் குறைந்ததை மாலைத் தனிப்பாடத்தால் நிரப்பிவிடலாமென்று பொருள் செலவிடுவோரும் பலர். ஆயினும், காலையில் ஒப்பித்த வாய்பாட்டையே மாலையிலும் ஒப்பிப்பதானால் குழந்தைக்கு மிஞ்சுவது களைப்பொன்றே. இவ்விஷயத்தில் வழி காண விரும்புவோர் ஸ்விட்ஜர்லாந்து தேசத்துப் பெரியாராகிய பெஸ்டலாஸியின் சரித்திரத்தை அறிதல் நலமென்று கருதுகிறோம்.

ஜோஹன் ஹைன்ரிக் பெஸ்டலாஸி 1746-ஆம் வருஷம் ஜனவரி 12-ஆம் தேதி ஜூரிச் நகரிற் பிறந்தார். வைத்தியராயிருந்த தந்தை இவரது இளம்பிராயத்திலேயே காலஞ்சென்றார். தாயின் அன்பில் வளர்ந்த இவருக்கு, வீடே முதற் பள்ளிக்கூடமென்னும் கொள்கை ஆயுள் முழுதும் நிலைத்தது. 1774-ல் நொய்ஹோப் என்னும் தமது பண்ணையில் திக்கற்ற ஏழைக் குழந்தைகளைச் சேர்த்து, நூற்பு வேலையோடு எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தொடங்கினார். கைப்பொருள் முழுதும் கரைந்து, 1780-ல் அச்சாலை மூடப்பட்டது. ஊரார் இவரைப் பித்தரென்று இகழ்ந்தனர்.

மறு வருஷம் இவர் வெளியிட்ட லியோனார்டும் கெர்ட்ரூடும் என்னும் கதை ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றது. அதன் தலைவியாகிய ஏழைத் தாய், குழந்தைகள் ராட்டையில் நூற்கும்போதே இழைகளை எண்ணச் செய்கிறாள். அறையில் நடக்கும் அடிகளும், ஜன்னலில் வரிசையாய் அமைந்த கண்ணாடிகளும் அவளுக்குக் கணக்குப் புத்தகமாகின்றன. பலகையும் பலப்பமுமின்றி எண்களின் உறவு குழந்தைகளின் மனத்திற் பதிகிறது.

1798-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் பிரெஞ்சுப் படை நிட்வால்டன் நாட்டைச் சூறையாடிற்று. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக ஸ்டான்ஸ் நகரில் 1799 ஜனவரியில் ஓர் ஆசிரமம் திறக்கப்பட்டது. சுமார் 80 குழந்தைகள். பணிக்கு ஒரே ஒரு மாது. உபாத்தியாயர் பெஸ்டலாஸி ஒருவரே. ஆகவே கற்ற குழந்தை கல்லாத குழந்தையின் தோள்மேற் கைபோட்டுத் தான் அறிந்ததைச் சொல்லிக்கொடுத்தது. ஜூன் மாதத்தில் யுத்தத்தின் காரணமாக அந்த இடம் படையினரின் வைத்தியசாலையாக மாற்றப்பட்டது. ஐந்து மாத உழைப்பு அத்துடன் நின்றாலும், வறிய குழந்தை மந்தபுத்தியுள்ளதென்னும் பொய் அங்கே வீழ்ந்தது.

பின்னர் பர்க்டார்ப் நகரிலும், 1805 முதல் இவெர்டோன் நகரிலும் இவர் நடத்திய கலாசாலைகள் கீர்த்தி பெற்றன. கூழாங்கல், பட்டாணி முதலியவற்றைக் குழந்தை கையால் எடுத்து எண்ண வேண்டும். அப்பால் கோடுகளையும் புள்ளிகளையும் எண்ண வேண்டும். எண்குறி கடைசியிலேயே வர வேண்டும். இதுவே இவர் முறை. இங்ஙனம் பயின்ற சிறுவர்கள் கடினமான கணக்குகளை வாயாலேயே விடுத்தது கண்டு, வந்து பார்த்தவர் வியந்தனர். பதினான்கு வயது வரை எழுதக் கல்லாத குடியானவர் மகனாகிய ஜேக்கப் ஸ்டைனர் 1814-ல் இவெர்டோனை அடைந்தார். பிற்காலத்தில் பெர்லின் சர்வகலாசாலையில் க்ஷேத்திரகணித ஆசிரியராய் அவர் உலகப் புகழ் எய்தினார்.

குறைகளையும் மறைத்தல் தகாது. பெஸ்டலாஸிக்கு நிர்வாகத் திறமை இல்லை. உபாத்தியாயர்களின் பூசலால் 1825-ல் இவெர்டோன் கலாசாலை மூடப்பட்டது. பொருளறிந்து எண்ணுவதற்கென்று அமைத்த எண் அட்டவணைகளே சிலர் கையில் வெறும் ஒப்பித்தலாய்ச் சீரழிந்தன. 1827-ஆம் வருஷம் பிப்ரவரி 17-ஆம் தேதி இப்பெரியார் காலமானார்.

முறை எவ்வளவு சிறந்ததாயினும், உயிரற்ற ஒப்பித்தல் அதனை விழுங்கிவிடும் என்பதே இச்சரித்திரத்தின் பாடம். 1937-ல் வார்தாவிலே காந்தியடிகள் கைத்தொழிலின் வழியே கல்வி புகட்ட வேண்டுமென்று வற்புறுத்தியபோது நம் தேசமும் இவ்வுண்மையை எதிர்கொண்டது. தனிப்பாடம் பணமுள்ளவர் வீட்டுப் பிள்ளைக்கே உரியதாக இருத்தல் நியாயமன்று. தேசத்தொண்டு செய்ய விரும்பும் வாலிபர்கள் மாலையில் ஒரு மணி நேரம் தம் தெருவிலுள்ள ஏழைக் குழந்தைகளைக் கூட்டி, கைநிறையப் புளியங்கொட்டைகளோடு உட்காரட்டும். மேடையேறிப் பேசுவதினும் இது சிறிய தொண்டன்று.