டெகார்ட் பண்டிதரும் தாய்மொழிக் கணிதமும்

பிராஞ்சு தேசத்தில் 1596ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் தேதி பிறந்த ரெனே டெகார்ட்டைத் தத்துவ ஞானியென்று உலகம் போற்றுகிறது. நம் மாணவர்கள் பயிலும் ஆயத்தொலை வடிவகணிதத்துக்கும் அவர் மூலபுருஷர்களில் ஒருவர் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

இரண்டு வயது நிறையுமுன் தாயை இழந்த டெகார்ட், ஏசுசபைப் பாதிரிமாரிடம் பயின்று, 1616ல் சட்டப் பரீக்ஷையில் தேறினார். வக்கீல் தொழிலில் அவர் மனம் செல்லவில்லை. சேனையில் சேர்ந்தார், பல தேசங்கள் சுற்றினார், 1628 முதல் சுமார் இருபது ஆண்டுகள் ஹாலந்தில் வசித்தார். பூமியே சூரியனைச் சுற்றுகிறதென்ற கலீலியோ 1633ல் தண்டிக்கப்பட்ட செய்தி எட்டியதும், தாம் எழுதிய நூலொன்றை அச்சிடாமல் நிறுத்தினார். அஞ்சினார் என்பது மெய், ஆயினும் ஓய்ந்துவிடவில்லை. 1637ல் லெய்டன் நகரில் வேறொரு நூல் வெளியிட்டார். அதன் அநுபந்தங்களில் ஒன்றே வடிவகணிதம்.

மதுரை மாசி வீதியின் மூலையில் நின்று, இரு வீதிகள் செங்கோணத்தில் கூடுகின்றனவா என்பதைக் கண்ணால் மதிக்கிறோம். அதை எண்ணால் தீர்க்கும் மார்க்கத்தைத் திறந்தவர் டெகார்ட். வளைகோட்டின் ஒரு புள்ளியில் அதற்குச் செங்குத்தான கோட்டைக் காண்பதையே தலையாய பிரச்னையாக அவர் மதித்தார். சாய்வு பற்றிய இன்றைய விதியைப் பின்வந்தோர் அமைத்தனர்.

அவ்விதியை வைகைப் பாசன வயல்வெளியில் காண்போம். ஒரு வாய்க்கால் கிழக்கே நான்கு கோல் செல்லுமிடத்தில் வடக்கே மூன்று கோல் செல்கிறதென்று கொள்வோம். அதன் சாய்வு 3/4. அதற்குச் செங்குத்தாக வரப்பிட வேண்டும். வாய்க்காலின் போக்கைக் கால்வட்டம் திருப்பினால், கிழக்கு நோக்கிய நான்கு வடக்கு நோக்கும். வடக்கு நோக்கிய மூன்று மேற்கு நோக்கும். மேற்கு கிழக்கிற்கு எதிராதலால் குறைக்குறி சேரும். ஆகவே வரப்பின் சாய்வு −4/3. இரண்டையும் பெருக்கினால் −1. பின்னத்தைத் தலைகீழாக்கிக் குறியை மாற்றுவதே விதி. நேர்கிழக்குக் கோட்டுக்கும் நேர்வடக்குக் கோட்டுக்கும் மட்டும் இது பொருந்தாது; முன்னதன் சாய்வு பூஜ்யம், பின்னதற்குச் சாய்வெண்ணே இல்லை.

அக்காலத்துப் பண்டிதர்கள் பெரும்பாலும் லத்தீனில் எழுதினர். டெகார்ட்டோ 1637ஆம் ஆண்டு நூலைத் தம் ஜனங்கள் பேசும் பிராஞ்சு மொழியில் எழுதினார். பழைய ஏடுகளை மட்டும் நம்பாமல் சொந்தப் புத்தியைக் கொண்டு ஆராய்பவரே தமக்கு நல்ல நீதிபதிகள் என்று அவர் எண்ணினார். வடிவகணிதம் 1649ல் லத்தீனில் பெயர்க்கப்பட்டது. அவ்வாண்டே ஸ்வீடன் ராணி கிறிஸ்டினா அழைக்க, ஸ்டாக்ஹோம் சென்றார். கடுங்குளிரில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பாடம் சொல்ல நேர்ந்தது. நுரையீரல் ஜுரம் கண்டு 1650 பிப்ரவரி 11ஆம் தேதி, 53ஆம் வயதில் காலமானார்.

பள்ளியில் தமிழில் கணிதம் கற்ற பிள்ளைகளில் பலர், கல்லூரியில் புகுந்ததும் கணக்குக்கு முன்பாக ஆங்கிலச் சொல்லுக்கே திகைக்கின்றனர். அவர்களுடைய புத்தியில் குறைவில்லை. உயர்கணிதத்தைத் தமிழில் விளக்கும் நூல்கள்தாம் போதவில்லை. 1901ல் தமிழ்ச் சங்கம் கண்ட மதுரையின் கணித ஆசிரியர்கள் இப்பணியில் முந்த வேண்டுமென்பது நமது விண்ணப்பம். பிராஞ்சு மொழிக்கு டெகார்ட் செய்ததைத் தமிழுக்குச் செய்வதற்கு நாம் யாருடைய அநுமதியையும் கேட்க வேண்டியதில்லை.