மொலோக்காய்த் தீவின் தமியான் சுவாமியார்

பெல்ஜியம் தேசத்தில் 1840-ம் ஆண்டு பிறந்த தமியான், வேதபோதகத்துக்குப் புறப்படவிருந்த தமையனார் வியாதியாய் விழவே, அவருக்குப் பதிலாகக் கப்பலேறினார். 1864-ல் ஹவாய்த் தீவுகளில் குருப்பட்டம் பெற்றார். 1873-ல், குஷ்டரோகிகளை ஒதுக்கி வைத்திருந்த மொலோக்காய்த் தீவுக்குத் தாமாகவே முன்வந்து போனார்.

தொடக்கத்தில் புண்களின் நாற்றம் தாங்காமல் புகைக்குழாய் பிடித்தார். பின்னர் அவர்களோடு ஒரே சட்டியில் உண்டார்; புண்களைக் கழுவிக் கட்டினார்; வீடு கட்டினார்; சவப்பெட்டி செய்து குழியும் வெட்டினார். ஒருமுறை சபைச் சிரேஷ்டரைக் கப்பலிலிருந்து இறங்க விடாததால், படகில் இருந்தபடியே, பிறர் காதில் விழப் பாவசங்கீர்த்தனம் செய்தார். அந்தத் தனிமையில் அவரைத் தாங்கியது திவ்விய நற்கருணையே.

பிரசங்கத்தில் தம்மையும் குஷ்டரோகிகளில் ஒருவராகவே சேர்த்துப் பேசுவது அவர் வழக்கம். 1884-ல் கொதிநீர் காலில் பட்டும் அவருக்குச் சுடவில்லை. அச்சொல் மெய்யாயிற்று! ஆயினும் தம் மந்தையைக் கைவிடாமல், 1889 ஏப்ரல் 15-ந் தேதி அத்தீவிலேயே மரித்தார். 2009-ல் 16-ம் பெனடிக்ட் பாப்பரசர் அவருக்கு அர்ச்சிஷ்டர் பட்டம் அளித்தார்.

விசுவாசத்தைப் போதிக்கப் போனவர், அதற்காகத் தம் சரீரத்தையே கொடுக்கக் கற்றார். பிரியமானவர்களே, நம் தெருவில் எல்லாரும் ஒதுக்கும் வியாதிக்காரர் ஒருவரை இவ்வாரம் சென்று பார்ப்போமாக.